தோற்பவர் பணத்தில் ஒரு முதியோர் இல்லம்

1

போன மாதம் வாக்களிப்பு உறை வந்தது. இந்த நாட்டில் அது வருடத்தில் மூன்று நான்கு தடவை வரும். பாடசாலைக் கூரையை மாற்றுவதா, ஆற்றங்கரையில் சைக்கிள் பாதை போடுவதா என்று எல்லாவற்றையும் எங்களிடம் கேட்டுத்தான் செய்வார்கள். குடியுரிமை கிடைத்த பிறகு வந்த முதல் உறையைக் கிழிக்க மனமில்லாமல் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்தேன். பிறந்த நாட்டில் என்னிடம் எவரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. அன்றிலிருந்து ஒரு வாக்கையும் நான் தவறவிடவில்லை. கழிவுநீர்க் குழாய்க்குக்கூட முழு விளக்கப் புத்தகத்தையும் வாசித்துவிட்டுத்தான் வாக்களித்தேன்.

இந்த முறை வந்த புத்தகத்தை வாசித்து முடித்தபோது அருவருப்பாக இருந்தது. வேறு நாகரிகமான சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

சூரிச்சிலிருந்து ரயிலில் வரக்கூடிய சிறிய நகரம் எங்களுடையது. பெயர் வேண்டாம். இங்கே ஒரு காசினோ இருக்கிறது. அதை இரண்டு மடங்காகப் பெருப்பிக்க நகராட்சி தன் காணியைக் குத்தகைக்குக் கொடுக்க வேண்டுமாம். பதிலுக்குக் குத்தகைப் பணமும் வருமானத்தில் ஒரு பங்கும் நகராட்சிக்கு வருமாம். அந்தப் பணத்தில் புதிய முதியோர் இல்லம் எழும்புமாம். "வரி செலுத்துவோருக்கு எந்தச் சுமையும் இல்லாமல்" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அட்டையில் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மா ஜன்னலோரம் இருந்து சிரிக்கிறார். புத்தகம் முழுக்கத் தேடினேன், காசினோவின் படம் ஒன்றுகூட இல்லை. இவர்களுக்கே அதைக் காட்ட வெட்கமாக இருந்திருக்க வேண்டும்.

வருமானம் பற்றிய பகுதியை எழுதியவள் என் மகள் துளசி. நகராட்சியின் நிதிப் பிரிவில் அவளுக்குப் பொறுப்பான வேலை. இங்கே பிறந்து, இங்கே படித்து, அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்த நாளில் நான் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். இப்போது அவள் எழுதியதை ஒருவருக்கும் எடுத்துச் சொல்ல மனம் வரவில்லை.

2

நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யுத்தத்துக்குத் தப்பி அகதியாக இங்கு வந்தவள். ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்துக்கொண்டே, டொச் என்று நாங்கள் சொல்லும் ஜெர்மன் மொழியைப் பொறுக்கி எடுத்தேன். பிறகு பாடம் எடுத்து, சோதனை எழுதி, மொழிபெயர்ப்பாளர் ஆனேன். சம்பளத்துக்குச் செய்வது ஒரு பங்கு என்றால், எங்கள் சனத்துக்குச் சும்மா எழுதிக் கொடுப்பது மூன்று பங்கு. விசா, வாடகை வீடு, வேலை இழப்பு, பிள்ளையின் பாடசாலை என்று எந்தக் கடிதம் வந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். எனக்குப் பெயரே கடிதக்கார அக்கா.

எங்கள் தலைமுறைக்கு ஒரு பழக்கம் எலும்பில் ஊறிப்போயிருக்கிறது. அகதி விண்ணப்பத்தை நிராகரித்துக் கடிதம் வரும். மேன்முறையீட்டுக்கு முப்பது நாள் தருவார்கள். அழுது முடிக்க மூன்று நாள், எழுதி முடிக்க இருபத்தேழு நாள். அப்படி எழுதி எழுதித்தான் நாங்கள் இங்கே வேர் விட்டோம். அதனால் ஓர் அலுவலகம் "இல்லை" என்று சொன்னால் ஏன் சொல்கிறார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. எத்தனை நாள் இருக்கிறது என்றுதான் கேட்போம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கடிதத்தை அச்செடுத்து, கையெழுத்து வர வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போலச் சின்னப் புள்ளடி ஒன்று போட்டுக் கொடுப்பேன். புள்ளடியைக் கண்டால் எங்கள் ஆட்கள் வாசிக்காமலே கையெழுத்து வைப்பார்கள். நானும் அதை எனக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக் குளிர்ந்துபோயிருந்தேன்.

3

தேவன் எங்கள் நகரத்து ரயில் நிலையத்தடி உணவகத்தில் சமையல்காரர். வீடு ரயிலில் போக வேண்டிய டீட்டிகோனில். உணவக வேலையில் ஒரு கொடுமை உண்டு. மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்கு வெளியே விடுவார்கள், ஐந்து மணிக்குத் திரும்பி வர வேண்டும். இடையில் உள்ளதற்குச் "சிம்மர்ஸ்டுண்ட" என்று பெயர். அறைக்குப் போய்ப் படுத்து எழும்பும் நேரம் என்று அர்த்தமாம். பக்கத்தில் அறை வைத்திருப்பவனுக்கு அது சரி. தேவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் திரும்ப வேண்டும். அந்த மூன்று மணித்தியாலத்துக்குச் சம்பளமும் இல்லை. வருடக்கணக்காக அவர் ரயில் நிலைய மர வாங்கில் குளிரில் இருந்து விறைத்திருக்கிறார்.

காசினோ சூடாக இருந்தது. கோப்பி இலவசம். வாசலில் கோட் போட்ட ஆள் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "நல்வரவு, ஹெர் தேவராசா" என்று பெயருக்கு முன் 'திரு' போட்டுக் குனிவார்.

"அக்கா, இந்த நாட்டில என்னை ஹெர் எண்டு கூப்பிட்டது ரெண்டே ரெண்டு இடம்தான்," என்று தேவன் ஒருமுறை என்னிடம் சொன்னார். "ஒண்டு டொக்டர். மற்றது உந்தக் காசினோ."

அவர் அடிக்கடி வருவதைப் பார்த்துவிட்டுக் காசினோக்காரரே ஒரு கட்டத்தில் சம்பளத் துண்டைக் கேட்டார்கள். இங்கே சட்டம் அப்படி. தாங்க முடியாத அளவுக்கு ஒருவர் விளையாடுகிறார் என்று சந்தேகம் வந்தால் விசாரிக்க வேண்டும், தேவைப்பட்டால் தடை போட வேண்டும். தேவன் ரோசத்தில் ஒன்றும் கொடுக்கவில்லை. நாட்டில் உள்ள எந்தக் காசினோவுக்குள்ளும் நுழைய முடியாது என்று கடிதம் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மனைவி மலரோடு என் வீட்டுக்கு வந்தார்.

"நான் என்ன களவெடுத்தனானோ அக்கா? எங்கட ஆக்கள் எண்டுதான் மறிச்சிருக்கிறாங்கள். வெள்ளையளை இப்பிடிக் கேப்பாங்களோ?"

நான் அதை அப்படியே நம்பிக் கணினியைத் திறந்தேன். அன்றைக்கு நான் எழுதிய கடிதத்தை இப்போது நினைத்தாலும் முகம் கூசுகிறது. முப்பது வருட உழைப்பு, ஒழுங்காகக் கட்டிய வரி, மனித கண்ணியம் என்று எல்லாவற்றையும் அடுக்கினேன். அவருடைய சம்பளத் துண்டோடு மலருடையதையும் சேர்த்தேன். வீட்டு வாடகைக்கும் விசாவுக்கும் எப்போதும் புருசன் பெண்சாதி இரண்டு பேருடையதையும் சேர்த்துத்தானே கொடுக்கிறோம். கடிதத்துக்குக் கனம் சேரட்டும் என்று, யாரும் கேட்காமலே, மலரின் பெயரில் ஒரு வாக்குமூலமும் தயாரித்தேன். "என் கணவரின் பொழுதுபோக்கு எங்கள் குடும்பத்தை எவ்வகையிலும் பாதிக்கவில்லை." கீழே புள்ளடி. மலர் என் வரவேற்பறையில் இருந்தபடி கையெழுத்து வைத்தாள்.

தடையை நீக்க முதல் சூதுப் பழக்க ஆலோசனை நிலையத்தில் நேர்காணல். மொழிபெயர்க்கப் போனதும் நான்தான். எத்தனை தடவை போவீர்கள் என்று அங்கிருந்த ஆலோசகப் பெண் கேட்டார். "கிழமையில நாலைஞ்சு தரம்" என்றார் தேவன். "வேலை இடைவேளையில், சில சமயங்களில்" என்று நான் டொச்சில் சொன்னேன். அகதி விசாரணைகளில் ஒரு சொல் பிசகியதற்காக ஆட்களைத் திருப்பி அனுப்பியதைக் கண்டவள் நான். எங்கள் ஆட்களின் வாயில் வருவதைச் சீவித் துப்புரவாக்கிக் கொடுப்பது எனக்குக் கைவந்த கலையாகியிருந்தது. தடையை நீக்கினார்கள். தேவன் நன்றியாக ஒரு தட்டு நிறைய மீன் ரோல்ஸ் செய்து கொண்டுவந்தார், நாங்கள் குடும்பமாக இருந்து சாப்பிட்டோம்.

ஆயிரம் குறை உள்ள சட்டம்தான். ஆனால் அந்த ஒரு இடத்தில் அது சரியாக வேலை செய்தது. அதைக் கெடுத்தது நான்.

4

ஊரில் சூது இல்லாமல் இல்லை. ஊரடங்கு நாட்களில் ஆம்பிளைகள் ஒழுங்கைக்குள் காசு வைத்துக் கடதாசிச் சீட்டு விளையாடுவார்கள். ஒருமுறை என் அப்பா சைக்கிளைத் தோற்றுவிட்டு நடந்து வந்தார். அம்மா ஒன்றும் பேசாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு வென்றவரின் வீட்டுக்குப் போய் முற்றத்தில் நின்றார். அந்த மனுசன் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசல் படலையில் சாத்திவிட்டுப் போனார். தோற்றவருக்கும் வெட்கம், வென்றவருக்கும் வெட்கம். அப்பாவுக்கு ஒரு மாதம் வீட்டில் மரியாதை இல்லை.

இங்கே மலர் எந்த வீட்டு முற்றத்தில் போய் நிற்பாள்?

தேவன் போன வருடம் ஓய்வு பெற்றார். இத்தனை வருடம் வேலையிடத்தில் சேர்ந்த ஓய்வூதியப் பணத்தை மாதாமாதம் வாங்கலாம், அல்லது மொத்தமாக எடுக்கலாம். மொத்தமாக எடுக்க மனைவியின் கையெழுத்து வேண்டும். ஊரில் காணி வாங்கி வீடு கட்டப் போவதாகச் சொல்லி மலரிடம் கையெழுத்து வாங்கினார். இந்த முறை புள்ளடி போட்டது நான் இல்லை. அதைச் சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்ளவும் பார்த்தேன்.

ஓர்லிகோன் தமிழ்க் கடையில் அரிசி மூட்டையை வண்டியில் வைத்துவிட்டு மலர் வங்கி அட்டையை நீட்டியபோது அது வேலை செய்யவில்லை. அப்போதுதான் அவளுக்குத் தெரிய வந்தது. காணியும் இல்லை, வீடும் இல்லை, பணமும் இல்லை. எவ்வளவு என்று எழுதப் போவதில்லை. ஒரு மனுசன் வாழ்நாள் முழுக்க அடுப்புக்கு முன்னால் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அருவருப்பு என்று நான் சொல்வது இதற்குப் பிறகு வருவதைத்தான். காசினோக்கள் கட்டும் வரி இந்த நாட்டில் முதியோர் ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. தேவனின் முதுமைக் காலத்தைக் கரைத்து ஊருக்கெல்லாம் முதுமைக் காலம் ஊற்றுகிறார்கள். அவர் இனி அரச உதவிக்கு விண்ணப்பித்தால், உங்கள் சொத்தை நீங்களே கரைத்தீர்கள் என்று சொல்லி உதவியைக் குறைக்கலாம், அதற்கும் சட்டம் இருக்கிறது. கரைத்த இடத்தில் பங்கு வாங்கியவர்களும் இவர்கள்தான். வாங்கிய கையால் வாயைத் துடைத்துவிட்டு ஒழுக்கம் பேசுகிறார்கள்.

5

துளசி ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தாள். புத்தகத்தை அவளுக்கு முன்னால் போட்டேன். கோபம் வந்தால் அவள் சுவிஸ் டொச்சுக்குத் தாவிவிடுவாள். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே கதைத்தாள்.

"அம்மா, நாங்கள் ஒருத்தரையும் கட்டாயப்படுத்தேல்லை. விருப்பமானவை போகினம். வரியைக் கூட்டினா எல்லாருக்கும் கஷ்டம். இது விரும்பிக் கட்டுற வரி மாதிரி."

"தேவன் மாமா விரும்பியோ கட்டினவர்?"

"அவருக்கு அது வருத்தம், ஒரு நோய் அம்மா. அதுக்கு ஆலோசனை நிலையம் இருக்கு. அந்த நிலையத்துக்கும் இந்தமாதிரிக் காசுதான் போகுது."

அவள் அதை நல்ல செய்தியாகச் சொன்னாள். காலை முறித்துவிட்டுக் கட்டுப்போட ஒரு துணி கொடுக்கிறார்கள், அதற்கும் நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

"உன்ர அட்டவணையில வருசா வருசம் வருமானம் கூடுமெண்டு போட்டிருக்கிறாய். அப்ப வருசா வருசம் கூட ஆக்கள் தோற்கவேணும். அவை ஆர் எண்டு போட்டிருக்கோ?"

"அப்பிடி ஆள் ஆளாப் பாத்துப் போடேலாது அம்மா."

"பாக்க ஏலாதோ, பாக்க விருப்பமில்லையோ?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். ஒரு நகராட்சி தன் சொந்தச் சனம் தோற்க வேண்டும் என்று வரவுசெலவுத் திட்டத்தில் எழுதி வைத்துவிட்டு வருடம் முழுக்க அதற்காகக் காத்திருக்கிறது. மக்கள் புத்தியாக இருந்துவிட்டால் முதியோர் இல்லத்துக்குக் கூரை இல்லை. இதைத் திட்டம் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

அடுத்த நாள் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் தொலைபேசி எடுத்தார். வாக்குரிமை உள்ள தமிழர்கள் இப்போது இங்கே கொஞ்சப் பேர் அல்ல. "ஆம்" என்று வாக்களிக்கச் சொல்லும் குழு எங்களையும் தேடி வந்துவிட்டது. துண்டுப்பிரசுரத்தை நான் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"புது இல்லத்தில ஒரு மண்டபம் வருகுது அக்கா. சனிக்கிழமையில தமிழ்ப் பள்ளிக்குடத்துக்குச் சும்மா தருவினமாம். வாறதை ஏன் விடவேணும்?"

"பிள்ளையளுக்கு அந்தக் காசிலயோ அ, ஆ சொல்லிக்குடுக்கப் போறியள்?"

"நாங்கள் ஒருத்தரையும் போய் விளையாடு எண்டு சொல்லேல்லையே. தேவன் தன்ர புத்தியில போனவர். அதுக்கு நீங்கள் ஏன் உவ்வளவு கோவப்படுறியள்?"

எழுத மாட்டேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். ஆனால் அவருடைய கடைசிக் கேள்வி என்னை விடவில்லை. தேவன் தன் புத்தியில் போனார் என்பது பாதிதான் உண்மை. பூட்டியிருந்த கதவை அவருக்குத் திறந்துவிட்டவள் நான். மலரின் பெயரில் நான் என்ன எழுதினேன் என்பது அவளுக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். வாக்களிப்புக்கு முன் நகராட்சி வைக்கும் தகவல் கூட்டத்தில் எழும்பி ஊர் நியாயம் பேசுவதற்கு முதல் அவளிடம் போய் அதைச் சொல்ல வேண்டும்.

6

மலர் எங்கள் நகரத்துப் பழைய முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. அவளுக்கு லீவு நாள் பார்த்து டீட்டிகோன் போனேன். தேவன் உள் அறையில் படுத்திருந்தார். இப்போதெல்லாம் அவர் வெளியே வருவது குறைவாம்.

மலர் தேத்தண்ணி வைத்தாள். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். நீ அன்றைக்குக் கையெழுத்து வைத்த தாளில் அவர் சூதாடுவது உங்களைப் பாதிக்கவில்லை என்று எழுதியிருந்தேன், நான் அதை உனக்கு விளக்கவில்லை, என்னை மன்னித்துக்கொள் என்றேன்.

மலர் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினாள்.

"எனக்குத் தெரியும் அக்கா. வாசிச்சனான்தானே."

"என்னத்தை வாசிச்சனீ?"

"நீங்கள் எழுதினதை. பதினெட்டு வருசமா டொச்சுக்காரரோட வேலை செய்யிறன். கதைக்கத்தான் வெக்கம், வாசிப்பன். 'எவ்வகையிலும் பாதிக்கவில்லை' எண்டு எழுதியிருந்தியள். அந்த நேரம் நான் ரெண்டு மாசம் வீட்டு வாடகையைத் தங்கச்சியிட்ட வாங்கிக் கட்டினனான்."

"அப்ப ஏன் மலர் சொல்லேல்லை? ஏன் கையெழுத்து வைச்சனீ?"

"அவர் பக்கத்தில இருந்தவர். நீங்களும் பென்சிலால குறிச்சுப்போட்டு நீட்டினியள். படிச்ச ஆள் எழுதியிருக்கிறா, இப்பிடி எழுதினாத்தான் அலுவல் நடக்குமாக்கும் எண்டு நினைச்சன். ஒரு சொல்லுக் கேப்பியள் எண்டு பாத்தனான். நீங்கள் கேக்கேல்லை."

எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இத்தனை வருடம் இந்தச் சனத்துக்கு வாயாக இருந்தேன் என்று மார்தட்டியவள், எனக்கு முன்னால் இருந்த பெண்ணுக்கும் ஒரு வாய் இருக்கிறது என்று நினைத்துப் பார்க்கவில்லை. நகராட்சியின்மேல் வந்த அருவருப்பு அப்படியே திரும்பி என்மேல் வந்து நின்றது.

கோப்பைகளை எடுத்தபடி மலரே கேட்டாள். "நகராட்சி வைக்கிற அந்தக் கூட்டத்துக்கு ஆரும் போகலாமோ அக்கா?"

"ஓம். ஆரும் போகலாம்."

"அப்ப நானும் வாறன்."

7

நகரப் பொது மண்டபத்தில் கூட்டம். பின்பக்கத்தில் வெள்ளை வைனும் பாற்கட்டித் துண்டுகளும் முதலே பரப்பி வைத்திருந்தார்கள், கூட்டம் முடியச் சாப்பிடலாம் என்று. மேடையில் நகரத் தலைவர், கட்டடக் கலைஞர், கடைசி நாற்காலியில் துளசி. கட்டடக் கலைஞர் திரையில் படம் காட்டினார். பெரிய ஜன்னல்கள், மூலிகைத் தோட்டம், சக்கர நாற்காலி ஏறக்கூடிய வழி. சனம் தலையாட்டியது. நல்ல கட்டடம்தான், அதுதான் எரிச்சலைக் கிளப்பியது.

எனக்கு என்ன பேச வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கேள்வி நேரம் வந்ததும் எனக்கு முதல் மலர் எழும்பிவிட்டாள். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சலவைக்கூடத்தில் பழகிய டொச்சில் கேட்டாள். அதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்: "என்ர மனுசன் தன்ர பென்சன் காசு முழுக்க உங்கட காசினோவில விட்டிட்டார். அப்பிடி விடுற காசில பங்கு எடுத்துத்தான் இந்த வீடு கட்டப் போறியள். எங்களுக்கு வயசு போகேக்க அதில ஒரு அறை இருக்குமோ?"

நகரத் தலைவர் மிக மரியாதையாகக் குனிந்து, "மன்னிக்கவும், இது கேள்வியா, கருத்தா? கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும்" என்றார்.

"கேள்வி," என்றாள் மலர்.

அவர் துளசியின் பக்கம் திரும்பினார். துளசி மலரைப் பார்த்தாள். சின்ன வயதில் துளசிக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டவள் மலர். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு ஒலிவாங்கியை அழுத்தி, "இதற்கு எழுத்துமூலம் பதில் வழங்கப்படும்" என்று தெளிவான டொச்சில் சொன்னாள். அடுத்த கேள்வி வாகனத் தரிப்பிடம் பற்றியது. நாங்கள் வைனுக்கு நிற்காமல் வெளியே வந்துவிட்டோம்.

என்னுடைய "இல்லை"யை நான் தபாலில் போட்டுவிட்டேன். முடிவு வரும் ஞாயிறு தெரியும். எங்கள் சங்கம் வேறு ஆளைப் பிடித்துத் துண்டுப்பிரசுரத்தைத் தமிழாக்கி வீடு வீடாகப் போட்டிருக்கிறது, ஆகவே எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

பதில் கடிதம் நேற்று வந்தது என்று மலர் சொன்னதும் போனேன். வழக்கம்போல வாங்கி வாசிக்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே உரக்க வாசித்தாள். தங்கள் அக்கறைக்கு நகராட்சி நன்றி தெரிவிக்கிறது. தங்கள் தனிப்பட்ட சூழ்நிலையை நாம் வருத்தத்தோடு கவனத்தில் எடுத்துள்ளோம். எனினும் தனிநபர் இழப்புகளுக்கும் நகராட்சியின் வருமானத்துக்கும் இடையில் நேரடித் தொடர்பு எதையும் நிறுவ இயலாது. அறைகள் தேவையின் அடிப்படையில் ஒதுக்கப்படும். கீழே துளசியின் கையெழுத்து.

மலர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள்.

"நல்ல டொச் அக்கா. ஒரு பிழை இல்லை. துளசி உங்களை மாதிரியே எழுதுறாள்."

அவள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள்.